மரச்சாமான் – 200 ரூபாய்

மார்க்கக் கல்வி போதிக்கும் ஒருவன் கிதார் விற்ற வரலாற்றை எழுத முற்படுவது சிலருக்கு வியப்பையும் சிலருக்கு மனவருத்தத்தையும் தரக்கூடும். வாசக சகோதர சகோதரிகள் பொறுத்தருள வேண்டும். நான் எழுத வந்தது இசையைப் பற்றியன்று, விலையைப் பற்றி. எங்கள் பகுதியில் மவுத்தானவர்களின் சொத்துக்களை மார்க்கப்படி பங்கிட்டுக் கொடுக்கும் பொறுப்பு இருபது ஆண்டுகளாகப் பெரும்பாலும் என்னிடமே வருகிறது. அரை, கால், எட்டில் ஒன்று என்று கணக்கிடுவதில் நான் தவறியதாக இதுவரை எவரும் சொன்னதில்லை. என் சொந்தக் குடும்பத்தின் கணக்கில்தான் தவறினேன்.

என் அத்தாவின் இளைய சகோதரரான மர்ஹூம் சின்னத்தா, இராஜபாளையத்தில் ஒரு பஞ்சாலைத் தொழிலாளி. ஆலைச் சங்கு ஊதும் நேரத்தை வைத்தே வீட்டில் அடுப்பு மூட்டிய தலைமுறை அது. பகல் ஷிப்ட் முடிந்து வந்து, அஸர் தொழுதுவிட்டு, மாலையில் அவர் எடுத்துக்கொள்வது ஒரு கிதார். ஊரில் அப்போது இயங்கிய மெல்லிசைக் குழு ஒன்றில் சில ஆண்டுகள் வாசித்தார். கலியாண வீடுகள், பொருட்காட்சி, ஆலைத் தொழிலாளர் விழா என்று அழைப்பு வரும். இவற்றால் வருவாய் ஏதும் வந்ததாக நான் அறியேன். போக்குவரத்துச் செலவுக்கே பற்றாது.

அந்த நாட்களில் கிதார் என்பது எங்கள் பக்கத்து இளைஞர்களுக்கு வெறும் கருவியாக இருக்கவில்லை. மலைக்கு அந்தப்புறம், கம்பம் பள்ளத்தாக்கின் பண்ணைப்புரத்திலிருந்து சென்னைக்குப் போன இளையராஜா, இசையமைப்பாளர் ஆவதற்கு முன் சலில் சௌத்ரி போன்றவர்களிடம் கிதார் வாசித்தவர் என்ற செய்தி அவர்களுக்குள் ஒரு கனவாக ஓடிக்கொண்டிருந்தது. சின்னத்தாவும் அக்கனவில் நனைந்தவர்தாம். ஆனால் அவர் வீட்டில் தனியே இருக்கும்போது வாசித்தது பெரும்பாலும் நாகூர் இ.எம். ஹனீஃபா அவர்களின் பாடல் மெட்டுக்களை. சிறுவனாக வாசற்படியில் உட்கார்ந்து நான் கேட்டிருக்கிறேன்.

என் அத்தாவுக்கு இது பிடிக்காது. பிறகு நான் மதரஸாவில் ஓதச் சேர்ந்தேன். எனக்கும் பிடிக்காமற்போயிற்று, அல்லது பிடிக்கக்கூடாது என்று ஆயிற்று. பட்டம் பெற்று ஜுப்பாவுடன் அவர் வீட்டுக்குப் போகும்போது, வாசலில் நான் ஸலாம் சொல்லும் குரல் கேட்டதும் உள்ளே கட்டிலுக்கு அடியில் ஏதோ தள்ளப்படும் ஓசை வரும். தந்திகள் ஒருமுறை முனகும். பிறகு சின்னத்தா புன்னகையுடன் வெளியே வருவார். நாங்கள் இருவருமே அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. வயதில் மூத்த ஒருவர் என் பொருட்டுத் தம் வீட்டிலேயே ஒளிக்க வேண்டியதாயிற்றே என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. உள்ளபடியே சொன்னால், அதை எனக்குரிய மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

2022-இல் அவர் இறைவனிடம் மீண்டார். பிள்ளைகள் இல்லை. ஜனாஸா தொழுகைக்கு முன் வழக்கம்போல் நானே முன்னின்று, "மய்யித்துடன் எவருக்கேனும் கொடுக்கல் வாங்கல் இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள், நாங்கள் பொறுப்பு" என்று அறிவித்தேன். மளிகைக் கடைக்காரர் 340 ரூபாய் என்றார், அன்றே கொடுத்தோம். வேறு எவரும் வரவில்லை. மஹரைத் திருமண நாளன்றே சின்னத்தா கொடுத்துவிட்டார் என்பது எனக்குத் தெரியும். ஆகவே கடன் இல்லாத மனிதர் என்று முடிவு செய்தேன்.

இத்தா முடிந்தபின் பங்கீடு. வாரிசுகள் நால்வர்: மனைவியான சின்னம்மா, உடன்பிறந்த சகோதரியான என் மாமி, முன்னரே மறைந்துவிட்ட சகோதரரின் மக்களான நானும் என் தம்பியும். பிள்ளை இல்லாததால் மனைவிக்குக் கால், சகோதரிக்கு அரை, எஞ்சிய கால் எங்கள் இருவருக்கும். சொந்த வீடு இல்லை. சேமிப்பும் வீட்டு முன்பணமுமாக ரொக்கம் 1,19,800 ரூபாய். இவற்றோடு கிதார். பட்டியலில் அதை "கிதார்" என்று எழுத என் பேனா கூசியது. "மரச்சாமான் – 200 ரூபாய்" என்று எழுதினேன். கூட்டினால் சரியாக 1,20,000. சின்னம்மாவுக்கு 30,000, மாமிக்கு 60,000, எங்களுக்கு ஆளுக்கு 15,000. மரச்சாமானைத் தம்பி தன் பங்கில் ஏற்றுக்கொண்டு, ரொக்கமாக 14,800 பெற்றான்; அவனுடைய மகன் அதைக் கேட்டிருந்தான்.

அந்த 200 ரூபாய்க்கு நான் ஆதாரமும் வைத்திருந்தேன். மதரஸா மாணவர்களுக்கு நான் நடத்தும் ஹிதாயா நூலில், அபகரிப்பு பற்றிய பாடத்தில் ஒரு சட்டம் வருகிறது. ஒரு முஸ்லிமின் யாழையோ கொட்டையோ குழலையோ ஒருவன் உடைத்துவிட்டால் இழப்பீடு உண்டா? இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் உண்டு என்கிறார்கள். ஆனால் அது வாசிப்புக்குரிய விலையன்று, வேறு காரியத்துக்குப் பயன்படும் பொருளாகக் கருதினால் என்ன பெறுமோ அந்த விலை. அவர்களுடைய மாணவர்களான அபூயூசுஃப், முஹம்மது (ரஹ்) இருவரும் இழப்பீடே இல்லை என்கிறார்கள். இசைக்கருவியை விற்பது செல்லுமா என்பதிலும் இதே வேறுபாடு. இமாம் செல்லும் என்கிறார்கள், மாணவர் இருவரும் மறுக்கிறார்கள். இமாமின் சொல்லைப் பிடித்துக்கொண்டு, மரத்தின் விலை இவ்வளவு பெறும் என்று நான் மதிப்பிட்டேன். விறகுக்கடையில் கேட்டிருந்தால் 200-கூடக் கிடைத்திருக்காது. ஆக, தாராளமாகவே எழுதியதாகத் திருப்தி வேறு.

2023-ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் தம்பி மகன் என்னிடம் ஓடி வந்தான். "பெரியத்தா, அது கிப்சன்!" என்றான். கிதாரின் தலைப்பகுதியில் வளைவு வளைவாக எழுதப்பட்டிருந்த பெயரில் பாதி உதிர்ந்திருந்தது. எஞ்சியதைக் கைப்பேசியில் படம் பிடித்துத் தேடியிருக்கிறான். அமெரிக்காவின் பழைய கிப்சன் கிதார்கள் பல லட்சம் ரூபாய் பெறும் என்று அறிந்தவுடன் வீட்டில் யாருக்கும் உறக்கமில்லை. 2020-இல் கர்ட் கோபேன் என்ற பாடகரின் கிதார் 60 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனதையும், ஜான் லெனன் வாசித்துப் பின் காணாமற்போன கிப்சன் ஒன்று 2015-இல் 24 லட்சம் டாலருக்கு விலை போனதையும், அதை இடையில் ஒருவர் விவரம் தெரியாமல் வெறும் 175 டாலருக்கு வாங்கி வைத்திருந்தார் என்பதையும் அவன் மூச்சுவிடாமல் சொன்னான். வார்னிஷ் டப்பா ஒன்றும் வாங்கி வந்துவிட்டான், பளபளப்பாக்கி விற்பதற்கு.

இரண்டே நாளில் குடும்பம் இரண்டாயிற்று. "என் பங்கில் வந்த பொருள், 200 ரூபாய் என்று விலை போட்டதும் நீங்கள்தானே அண்ணே" என்றான் தம்பி, திருப்பூரிலிருந்து தொலைபேசியில். "எனக்குப் பாதி வரவேண்டியது, தம்பி" என்றார் மாமி, வீட்டுக்கே வந்து. பங்கீட்டில் ஒரு பொருளுக்குப் பெரும் விலைப்பிழை நேர்ந்துவிட்டால் அதைத் திறந்து மீண்டும் பங்கிடலாம் என்பது சட்டம். அதைச் சொன்னேன். சொல்லும்போதே, எனக்கும் அதில் எட்டில் ஒன்று உண்டு என்று மனத்தின் ஒரு மூலை கணக்குப் போட்டது. விறகாக எழுதியவனும் நான்தான். லட்சம் என்றதும் சட்டம் பேசியவனும் நான்தான். சின்னம்மா மட்டும் எதுவும் கேட்கவில்லை.

உண்மை விலையை அறிந்தவரிடம் போவதென்று முடிவாயிற்று. ஸ்ரீவில்லிபுத்தூரில் எனக்குப் பழக்கமான ஒரு கிறிஸ்தவப் பெரியவர் இருக்கிறார். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், தேவாலயப் பாடற்குழுவில் பல்லாண்டுகள் கிதார் வாசித்தவர். நானும் தம்பி மகனும் இராஜபாளையம் பேருந்து நிலையத்தில் வண்டி ஏறினோம். கிதார் சின்னம்மா தைத்த துணியுறைக்குள் இருந்தது. பழைய பூப்போட்ட போர்வையை வெட்டித் தைத்த உறை. தாடியும் தொப்பியுமாக அதை மடியில் கிடத்தி அமர்ந்திருந்த என்னைப் பார்த்து, நடத்துநர் ஏதோ கேட்க நினைத்துக் கேளாமல் போய்விட்டார்.

அந்த ஆசிரியர் முதலில் கைகளைக் கழுவித் துடைத்துவிட்டு வந்து அமர்ந்தார். விலை பேச்சே எடுக்கவில்லை. முகப்பலகையின் வட்டத் துவாரத்துக்குள் டார்ச் விளக்கை அடித்து, உள்ளே ஒட்டியிருந்த காகிதச் சீட்டைப் பையனிடம் காட்டி எழுத்துக்கூட்டச் சொன்னார். ஜி, ஐ, வி. அவன் குரல் அங்கேயே நின்றுவிட்டது. "பி இல்லை தம்பி, வி. இது கிவ்சன், கல்கத்தாவில் செய்தது. கிப்சன் வேறு, கிவ்சன் வேறு. குறைவாக நினைக்காதே. 1991-க்கு முன்னால் வெளிநாட்டுக் கருவி இந்தியாவுக்குள் வருவது எளிதல்ல. இந்த நாட்டில் கிதார் பழகியவர்களில் எத்தனையோ பேருக்குக் கல்கத்தாக் கிதார்தான் முதல் கிதார். எனக்கும் அதுதான்."

பிறகு அவர் பார்த்த முறை, மாட்டுத்தாவணியில் பல்லைப் பிடித்துப் பார்க்கும் அனுபவசாலியின் முறை. துவாரத்தின் விளிம்பை நகத்தால் தடவிக் காட்டினார். ஒரே பலகையாக இருந்தால் மேலே தெரியும் மரவரிகள் விளிம்பு வழியாகக் கீழே இறங்கிப் போகும். இதில் அப்பளம் அடுக்கியதுபோல் மூன்று அடுக்குத் தெரிந்தது. பிளைவுட். ஒற்றைப் பலகை ஆண்டுகள் செல்லச் செல்ல நன்றாக ஒலிக்கத் தொடங்குமாம். பிளைவுட்டில் அம்மாற்றம் பெரிதாக நேராது என்றார். அடுத்து, தச்சர் சட்டத்தின் நேர் பார்ப்பதுபோல் ஒரு கண்ணை மூடிக் கழுத்தின் வழியே நோக்கினார். கழுத்து முன்பக்கமாக வளைந்திருந்தது. அதில் பதித்த உலோகக் கட்டைகளில் பன்னிரண்டாவதற்கு மேலே தந்தி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளந்தார். மூன்று மில்லிமீட்டருக்குள் இருந்தால் விரல் நோகாதாம். இங்கே ஐந்துக்கும் மேல். கடைசியாக, தந்திகளைக் கீழே பிடித்து நிறுத்தும் கட்டையின் பின்புறம் ஒரு தபால் அட்டையை நுழைத்தார். பாதி அட்டை உள்ளே போய்விட்டது.

"யாரும் தந்தியைத் தளர்த்தாமலே வைத்துவிட்டீர்கள்" என்றார். ஆறு இரும்புத் தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ எடையின் வேகத்தில் அந்தப் பலகையை இழுத்துக்கொண்டிருக்கும். ஓர் ஆள் இரவும் பகலும் அதில் தொங்கிக்கொண்டிருப்பதற்குச் சமம். வாசிக்கும் கை இருந்தவரை அது அவ்வப்போது தளர்ந்தும் முறுகியும் சமநிலையில் இருந்திருக்கும். சின்னத்தாவின் கடைசி ஆண்டுகளில் அது கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது.

வார்னிஷ் பூசலாமா என்று பையன் கேட்டான். "நல்ல பழைய கருவிக்கு அதைச் செய்தால் பாதி விலை போய்விடும். பழைய பூச்சு, பழைய ஆணி, பழைய முறுக்குச் சாவி எல்லாம் அப்படியே இருந்தால்தான் அறிந்தவன் விலை கொடுப்பான். இதற்குப் பூசினால் நஷ்டமில்லை, லாபமும் இல்லை" என்றார். பழுது நீக்க 1,500 ரூபாய் ஆகும் என்றும், நீக்காமல் கொடுத்தால் 2,500 பெறும், மனத்துக்குப் பிடித்தவர் 3,000 தரலாம் என்றும் சொன்னார். லெனனின் கிதார் பற்றிப் பையன் மீண்டும் ஆரம்பித்தபோது, "அங்கே விலை மரத்துக்கு இல்லை, கைக்கு" என்று முடித்துக்கொண்டார்.

புறப்படுமுன் தம்முடைய கிதாரை எடுத்துக் காட்டினார். முதுகுப் பலகை கருஞ்சிவப்பாக, வரிவரியாக மின்னியது. "உங்கள் ஊர் மலைச் சரக்குதான்" என்றார். ஈட்டி மரம், தோதகத்தி என்றும் சொல்வோம். பிரேசில் நாடு தன் ஈட்டிக் கட்டைகளை வெளியே அனுப்பத் தடை போட்டபின், அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1969-இல் இந்திய ஈட்டிக்கு மாறியது. அதன்பின் உலகத்தின் உயர்ந்த கிதார்கள் பலவற்றின் முதுகு இந்திய மரந்தான். இங்கோ அம்மரம் அருகிப் போய், 1994-இல் தமிழக அரசு அதைக் காக்கத் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. அவர் வீட்டு மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் ஆண்டாள் கோயில் கோபுரத்துக்குப் பின்னால் அந்த மலைத்தொடர் நீலமாகத் தெரிகிறது. அதன் அடிவாரத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு, மரத்துக்கும் விலை உண்டு என்பதை ஒரு கிதார்க்காரர் சொல்லித்தான் தெரிந்தது.

திரும்பும் பேருந்தில் பையன் வாய் திறக்கவில்லை. நானோ பழைய பாடம் ஒன்றை நினைத்துக்கொண்டு வந்தேன். கல்லூரியில் வரலாறு படித்தவன் என்பதால் இந்த நோய் எனக்கு உண்டு. அரபியில் ஊது என்றால் மரம். பாக்தாதிலிருந்து புறப்பட்ட ஸிர்யாப் என்ற இசைவாணர் 822-இல் ஸ்பெயினின் குர்துபாவை அடைந்து, நான்கு தந்தி ஊதுக்கு ஐந்தாவது தந்தி சேர்த்தார் என்று வரலாறு எழுதியவர்கள் கூறுகிறார்கள். அதே அந்தலுஸ் மண்ணின் அல்மேரியாவில் 1817-இல் பிறந்த அந்தோனியோ தெ தோரெஸ் என்ற தச்சர்தாம் இன்றைய கிதாருக்கு அதன் உருவத்தையும் அளவையும் நிலைநிறுத்தியவர். இசைக்கருவிகளை ஆகுமென்று வாதிட்ட இப்னு ஹஸ்மும் குர்துபாவைச் சேர்ந்தவரே. பெரும்பான்மை அறிஞர்கள் அவரை ஏற்கவில்லை. ஊது என்றாலே மரம் என்பதால் நான் "மரச்சாமான்" என்று எழுதியதில் சொல்லளவில் பிழையில்லை என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். அச்சிரிப்பு இராஜபாளையம் வரையில்தான் நிலைத்தது.

கிதாரைக் காட்டிவிட்டு வரச் சின்னம்மா வீட்டுக்குப் போனோம். "கடைசியில் என்ன விலை சொன்னார் தம்பி?" என்றார்.

"மூவாயிரம் தேறினால் பெரிது, சின்னம்மா."

"அப்படியானால் அன்றைக்கு நான் கொடுத்ததே அதிகந்தான்" என்றார், உறையின் நாடாவைக் கட்டிக்கொண்டே.

எனக்கு விளங்கவில்லை. கேட்டேன். 1985-இல் சின்னத்தா சென்னைக்குப் போய்க் கிதார் வாங்கி வந்த பணம் எங்கிருந்து வந்தது என்று அன்றுதான் அறிந்தேன். சின்னம்மாவின் தாய்வீட்டார் போட்ட இரண்டு வளையல்களில் ஒன்று. சரியாக ஒரு பவுன். கருவி, ரயில் செலவு, தந்திகள், பாடம் சொல்லிக்கொடுத்தவருக்குக் கட்டணம் என்று அது கரைந்துவிட்டது.

என் சிறுவயதிலிருந்தே சின்னம்மாவின் ஒரு கையில் பொன் வளையலும் மறு கையில் கண்ணாடி வளையலும் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். அது அவருடைய வழக்கம் என்றே எண்ணியிருந்தேன்.

"அன்பளிப்பாகக் கொடுத்தீர்களா, கடனாகவா?" என்று கேட்டேன். அந்தக் கேள்வியை ஓராண்டுக்கு முன்பே கேட்டிருக்க வேண்டியவன் நான்.

"பெருநாளுக்குள் திருப்பித் தருகிறேன் என்று சொல்லித்தான் வாங்கினார். எத்தனையோ பெருநாள் வந்து போய்விட்டது. நானும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தால் கொடுத்துவிட்டதாக ஆகிவிடுமா ஆகாதா என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும்."

ஆகாது. கடன் கொடுத்தவர் வாய் திறந்து விட்டுக்கொடுக்காதவரை கடன் கடனே. மனத்தால் எப்போதாவது விட்டுக்கொடுத்தீர்களா என்றும் கேட்டேன். சற்று யோசித்தார். "தாமதத்தை மன்னித்துவிட்டேன். வளையலை மன்னிக்கவில்லை. எனக்கு வாடகை கொடுக்க வேண்டியிருக்கிறது, தம்பி" என்றார்.

ஜனாஸாவின்போது நான் செய்த அறிவிப்பு ஆண்களின் வரிசைகளுக்கு முன் செய்யப்பட்டது. மிகப் பெரிய கடன்காரருக்கு வீட்டுக்குள்ளிருந்து அது கேட்டிருக்காது. கேட்டிருந்தாலும், அந்நேரத்தில் எந்தப் பெண் எழுந்து நின்று வளையல் கணக்குச் சொல்லுவாள்? இருபது ஆண்டுகளாக எத்தனை வீடுகளில் இப்படி அறிவித்துவிட்டு, மனைவியிடம் தனியே ஒரு வார்த்தை கேளாமல் கணக்கை முடித்திருக்கிறேன் என்று எண்ணியபோது என் உடல் வெயர்த்தது. பங்கீட்டுக்கு முன் கடன் என்பது என் மாணவர்களில் சிறியவனுக்கும் தெரியும்.

பொன்னாகப் பெற்ற கடன் பொன்னாகவே திரும்ப வேண்டும். 1985-இல் ஒரு பவுன் 2,000 ரூபாய்க்கும் குறைவு. நாங்கள் கணக்குப் பார்த்தபோது 44,000 ரூபாயை ஒட்டி இருந்தது. தம்பி மறுத்தான். "ரசீது உண்டா? சாட்சி உண்டா? வாதிடுபவர்மேல்தான் ஆதாரம் என்று நீங்கள்தானே ஜும்ஆவில் சொல்வீர்கள்" என்றான். அவன் சொன்னது சட்டம்; அதன் நிழலில் நானும் வசதியாக ஒதுங்கியிருக்கலாம். இரண்டு வளையல்களை நான் என் கண்ணால் கண்டதில்லை; நான் நினைவறிந்த நாளிலேயே ஒன்றுதான் இருந்தது. ஆகவே நானும் சாட்சியல்லன். ஆனால் வாரிசு ஒருவன் கடனை ஒப்புக்கொண்டால் அவன் ஒப்புதல் அவனளவில் செல்லும். என் பங்கின் அளவுக்கு ஒப்புக்கொள்கிறேன் என்று கூறிவிட்டேன்.

மாமிக்குச் செய்தி போனது. அவர்தான் அதிகம் இழக்க வேண்டியவர். 60,000-த்தைப் பேத்தியின் கலியாணத்துக்கென்று எடுத்து வைத்திருந்தார். "என் தம்பி கபுரில் கடனோடு படுத்திருக்கிறானா?" என்று மட்டும் கேட்டார். ஆம் என்றும் சொல்ல இயலவில்லை, இல்லை என்றும் சொல்ல இயலவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை பணத்தோடு வந்தார்.

புதிய கணக்கு இது: ரொக்கம் 1,19,800, கிதார் 3,000, ஆக 1,22,800. கடன் 44,000 போக மிச்சம் 78,800. சின்னம்மாவுக்குக் கால்பங்கு 19,700, கடனோடு சேர்த்து 63,700. மாமிக்கு 39,400, அவர் திருப்பியது 20,600. எனக்கு 9,850, நான் திருப்பியது 5,150. தம்பி கிதாரையும் 4,950 ரூபாயையும் திருப்ப வேண்டும். கிதாரை அவன் மகனே ஒரு மாலையில் கொண்டுவந்து சின்னம்மாவிடம் கொடுத்தான். வார்னிஷ் டப்பாவைக் கடையில் திருப்பிவிட்டதாகவும் சொன்னான். தம்பியின் பணம் வர நான்கு மாதம் ஆயிற்று. ஒரு சொல்லும் இல்லாமல் வந்தது, ஆனால் வந்தது.

இனி விற்பனை. என் உஸ்தாதிடம் போய்க் கேட்டேன். "இமாம் ஒரு பக்கம், மாணவர் இருவரும் ஒரு பக்கம், பின்வந்தவர்கள் அந்த இருவரின் சொல்லின்படியே ஃபத்வா கொடுத்தார்கள். தெரிந்துகொண்டே கேட்கிறாயே?" என்றார். நான் பேசாதிருந்தேன். வெகுநேரம் கழித்து, "கைம்பெண்ணின் கடனைத் தீர்த்தாயா?" என்றார். தீர்த்தேன் என்றேன். "சரி, போ" என்றார். அதை நான் அனுமதி என்று கொள்ளவில்லை. தடை என்றும் கொள்ளவில்லை. பொருள் சின்னம்மாவுடையது, பணம் அவருக்கு வேண்டியது, இமாமின் சொல் இருக்கிறது என்ற அளவில் துணை போனேன். இதைப் படிப்பவர்கள் என் செயலை ஃபத்வாவாகக் கொள்ள வேண்டாம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆசிரியரிடம் பயிலும் ஓர் இளைஞர் வாங்க வந்தார். தந்தை விசைத்தறித் தொழிலாளி. தலைப்பகுதியின் உதிர்ந்த எழுத்தைப் பார்த்ததும் அவருடைய கண்கள் விரிந்தன. அந்தக் கண்களை நான் அறிவேன். தம்பி மகனிடம் பார்த்தவை. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் துணி வாணிகர். ஒரு பெண் பட்டாடை ஒன்றை நூறுக்கு விற்க வந்தபோது, இது அதற்கும் கூடுதலாகப் பெறும் என்று வாங்குபவரான அவர்களே சொல்லி, அவள் ஏற்றிக்கொண்டே போய், பரிகசிக்கிறீர்களா என்று கேட்கும் அளவுக்கு வந்து, முடிவில் ஐந்நூறுக்கு வாங்கினார்கள் என்று அவர்களுடைய வாழ்க்கை வரலாற்றில் உண்டு. இங்கே எங்கள் வேலை இறக்குவது. நான் வாய் திறக்குமுன், திரைக்குப் பின்னாலிருந்து சின்னம்மாவே சொல்லிவிட்டார்: "தம்பி, அது நீங்கள் நினைக்கிற கம்பெனி இல்லை. கழுத்தும் வளைந்திருக்கிறது, அடிக்கட்டையும் தூக்கியிருக்கிறது. எல்லாம் பார்த்துவிட்டு வாங்குங்கள்."

இளைஞர் தபால் அட்டை இல்லாமல் தம் பயணச்சீட்டை நுழைத்துப் பார்த்தார். கழுத்தை ஒரு கண்ணால் நோக்கினார். ஆசிரியர் நன்றாகத்தான் கற்பித்திருக்கிறார். பிறகு ஒரு தந்தியை மட்டும் மெதுவாகச் சுண்டிக் காதைச் சாய்த்துக் கேட்டார். 3,000 ரூபாயை எண்ணி என் கையில் கொடுத்தார். நான் திரைக்குப் பின்னே நீட்டினேன்.

அவர் கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கும்போது சின்னம்மா அழைத்து நிறுத்தினார். உறை விலையில் சேரவில்லை என்றார். இளைஞர் சிரித்துக்கொண்டே அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, வெறும் கிதாரோடு பேருந்து நிலையத்தை நோக்கி நடந்தார். சின்னம்மா உறையை உதறி, நான்காக மடித்து, துணி இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது என்றார்.